வலை வந்த விதம்

திருகோணமலையின் உப்புவெளியில் தொடங்கி நிலாவெளி, இறக்கண்டி, குச்சவெளி என்று வடக்கே நீளும் மணற்கரையில், கச்சான் வீசும் மாதங்கள் கரைவலைக்கு உரியவை. மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்று ஊரை வேகவைத்தாலும் கடலை அடக்கிவைக்கும். வாடை தொடங்கிவிட்டால் அதே கரையில் தோணி இறக்குவது பெரும்பாடு. அதனால் வருடத்தின் ஒரு பகுதிக்குள் முழு வருடத்துக்குமான உழைப்பைச் செய்து முடிக்க வேண்டும். ஒரு பாடு வளைத்து இழுத்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். மடி கரை சேர்ந்ததும் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். சூடையா, நெத்தலியா, காரலா, பாரை ஏதும் விழுந்ததா? கூடைகள் நிரம்பினால் நல்ல பாடு; பாசியும் சொறியுமாக வந்தால் கெட்ட பாடு. கரையில் வேடிக்கை பார்ப்பவர், மீன் எடுக்க வந்த வியாபாரி, பணம் போட்ட சம்மாட்டி எல்லாருக்கும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சேர்ந்து வேலை செய்யும் ஒரு குழு எப்படிச் செய்தது என்று அறிய விரும்புகிறவருக்கு அந்த நேரம் மிகவும் பிந்தியது. அவர் பார்க்க வேண்டியது மீன் கொட்டுவதற்கு முன்பு, வலை இன்னும் கடலுக்குள் நிற்கும்போது நடப்பதை.

கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குப் போகிறது. முதலில் கயிறு, பிறகு வலையின் ஒரு கை, நடுவில் மடி, மறு கை, மறுபடி கயிறு என்று வரிசையாக இறக்கிக்கொண்டே அரைவட்டமாக வளைத்து, தூரத்தில் இன்னோர் இடத்தில் கரையேறுகிறது. இரண்டு தலைப்பிலும் ஆட்கள் பிரிந்து நின்று இழுக்கத் தொடங்குவார்கள். இழுக்க இழுக்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் மடி சரியும். அடிக்கயிறு தரையை விட்டுக் கிளம்பினால், உள்ளே நின்ற மீன் அந்த இடைவெளியால் போய்விடும். கல்லிலோ முருகையிலோ வலை மாட்டினால் அதை முதலில் அறிவது கண் அல்ல, கயிற்றைப் பிடித்திருக்கும் கை. மடிக்குப் பின்னால் நீந்தி வருகிறவனுக்குத் தெரிவது வேறு: மீன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, மிதப்புக் கட்டைகள் எங்கே தாழ்கின்றன என்பது. கரையில் நின்று இரு பக்கத்தையும் பார்த்துக் குரல் கொடுக்கும் மூத்தவருக்கு மூன்றாவது ஒன்று தெரியும்: இரு கையும் ஒரே சீராக வருகின்றனவா என்பது. அவருக்குக் கயிற்றின் கனம் தெரியாது. கயிறு பிடித்தவனுக்கு வலையின் வடிவம் தெரியாது. நீரில் இருப்பவனுக்குக் கரை தெளிவாகத் தெரியாது.

முழு வலையையும் அறிந்த ஒருவர் அந்தக் கரையில் இல்லை. அறிவு துண்டு துண்டாகப் பல உடல்களில் இருக்கிறது. வலை அசைந்துகொண்டிருக்கும்போதே அந்தத் துண்டுகள் ஒன்றுசேர வேண்டும். ஒரு குழுவின் தரம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு கை உணர்ந்தது மற்றக் கைகளுக்கு, மடி சரிவதற்கு முன் போய்ச் சேருகிறதா? மற்றதெல்லாம் பெரும்பாலும் கடலின் கணக்கு.

கடலின் கணக்கு என்று சொல்வதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீரோட்டம், நிலவு, மகாவலி கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து கொட்டும் கலங்கல் நீர், சூடைக் கூட்டம் அன்று கரை ஒதுங்கியதா இல்லையா என்பதெல்லாம் மீனின் அளவைத் தீர்மானிக்கின்றன. இசைவாக இழுத்தவர்கள் வெறும் மடியோடு நிற்பதும், இரு பக்கமும் திட்டிக்கொண்டே இழுத்தவர்களுக்கு மடி நிறைவதும் நடக்கக்கூடியவை. ஒரு பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அதிர்ஷ்டம் ஓரளவு சமன்படும் என்பது உண்மை. ஆனால் பருவம் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது, எந்தப் பாட்டில் எந்தக் குரல் கேட்கப்படாமல் போயிற்று என்பது யாருக்கும் நினைவிருக்காது. திருத்த வேண்டியது அதைத்தான்.

சேர்ந்து உழைப்பதைப் பற்றிய மிகப் பழைய ஆராய்ச்சிகளில் ஒன்றும் கயிற்றோடேயே தொடங்கியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் 1880களில் ஆட்களை இழுக்கவைத்து வலுவை அளந்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும் ஒருவரின் வலுவை 100 என்று வைத்தால், இரண்டு பேர் சேரும்போது ஆளுக்கு 93 ஆகிறது. எட்டுப் பேர் சேரும்போது ஆளுக்கு 49தான். ஆள் கூடக் கூட ஆளுக்கு ஆள் குறைகிறது. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததே முதன்மைக் காரணம் என்று ரிங்கல்மன் கருதினார். 1974இல் அலன் இங்கம் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். கண் கட்டப்பட்ட ஒருவரை, பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்துத் தனியாக இழுக்கச் செய்தார்கள். அப்போதும் அவருடைய இழுப்பு குறைந்தது. நேரம் பிசகுவது ஒரு பகுதி. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற எண்ணத்தில் மனம் தளர்வது மறு பகுதி.

நேரம் பிசகுவதற்கு நம் கரைகள் நெடுங்காலம் முன்பே விடை கண்டுவைத்திருந்தன. அம்பாப் பாட்டு அதற்காகத்தான். ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, சொல்லும் இடத்தில் எல்லாக் காலும் மணலில் ஊன்றும். நாட்டார் பாடல் தொகுப்புகளில் அவை சொற்களாக அச்சாகி நிற்கின்றன. மேடைகளில் கலை நிகழ்ச்சியாகவும் வருகின்றன. அவற்றின் வேலை இழுப்பை ஒரே கணத்தில் குவிப்பது. பாட்டு இன்னொன்றையும் செய்கிறது: யாருடைய குரல் தாழ்கிறது, எந்தப் பக்கத்தின் பதில் பிந்துகிறது என்பதைக் கரை முழுவதற்கும் கேட்கச் செய்கிறது. களைத்தவன் தன் களைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவன் கேட்டு அறிந்துகொள்வான்.

மனம் தளர்வதற்கான விடை பங்கில் இருக்கிறது. பிடிபட்டதில் செலவு கழித்து, சம்மாட்டிக்கு ஒரு பங்கும் இழுத்தவர்களுக்கு ஒரு பங்கும் என்று பிரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் கூலிக்கு வந்தவனுக்கும் பங்குக்கு வந்தவனுக்கும் கயிற்றில் வேறுபாடு தெரியும் என்பது எங்கும் ஒன்றுதான். இதை அழகுபடுத்திச் சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பருவம் தொடங்கும் முன் சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் தீரும்வரை வேறு வலைக்குப் போக முடியாத ஆட்களும் அதே கயிற்றைத்தான் பிடிக்கிறார்கள். வருடா வருடம் அதே முகங்கள் அதே வாடிக்குத் திரும்பி வருவதைப் பார்த்து ‘என்ன ஒற்றுமை’ என்று வியப்பவர், அந்தத் திரும்புதலில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு கடன் என்று கேட்க வேண்டும். குழுக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹக்மன், செய்த வேலையைப் பெறுகிறவருக்குத் திருப்தியா என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தார்: இதே ஆட்கள் மறுபடி சேர்ந்து வேலை செய்யும் வலு கூடியதா குறைந்ததா? ஒவ்வொருவரும் இதிலிருந்து ஏதாவது கற்று வளர்ந்தாரா? முற்பணத்தால் கட்டுண்டவர்கள் முதல் கேள்வியில் தேறலாம். மற்ற இரண்டிலும் தேறுவது கடினம்.

இனித் துறைமுகத்தின் பக்கம் திரும்புகிறேன். ஒரு கை உணர்ந்தது மற்றக் கைகளுக்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்வி, பெரிய இயந்திரங்களும் பதவி வரிசைகளும் உள்ள இடத்தில் எப்படி நின்றது என்பதற்கு திருகோணமலையின் நீரிலேயே ஒரு சாட்சி உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கீழைத்தேயக் கடற்படைக்கு இந்தத் துறைமுகம் முக்கியத் தளமாயிருந்தது. பெரும் போர்க்கப்பல்களைத் தூக்கிப் பழுதுபார்க்க, பம்பாயில் கட்டப்பட்ட மிதக்கும் கப்பல்துறை ஒன்று இங்கே கொண்டுவரப்பட்டது. கடற்படைக் கணக்கில் அது 23ஆம் இலக்கம். 50,000 தொன் தூக்கும் வலு கொண்டது. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி அதில் ‘வேலியண்ட்’ என்ற போர்க்கப்பலை ஏற்றினார்கள். அலெக்சாந்திரியாவில் 1941 டிசெம்பரில் இத்தாலிய முக்குளிப்பாளர்கள் வைத்த குண்டில் அடிபட்டும் மீண்டு வந்த கப்பல் அது. இரண்டு வாரத்துக்கு முன்புதான், ஜூலை 25இல், சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைப் பீரங்கியால் தாக்கிவிட்டு வந்திருந்தது.

மிதக்கும் துறை வேலை செய்யும் விதம் எளிதாகத் தோன்றும். அதன் அறைகளில் நீரை நிரப்பினால் அது தாழும். கப்பல் உள்ளே வந்ததும் நீரை இறைத்தால் கப்பலோடு சேர்ந்து எழும். ஆனால் அறைகள் பல. கப்பலின் பாரம் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. எந்த அறையை எப்போது எவ்வளவு இறைப்பது என்பது கப்பலின் பாரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பகுதி மேலே உந்த, இன்னொரு பகுதி கீழே அழுத்த, துறையின் உடல் வளையும். அன்று வேலியண்ட் வெடிபொருள்களோடு முழுப் பாரத்தில் இருந்தது. அறைகள் தவறான வரிசையில் வெறுமையாக்கப்பட்டன. துறையின் முனைகளில் தாங்க முடியாத இழுவை ஏறி, அதன் முதுகு முறிந்து, துறைமுகத்துக்குள்ளேயே அது அமிழ்ந்தது. கப்பல் தப்பி மிதந்தது. ஆனால் அதன் உள் இரண்டு சுழல்விசிறிகளும் சுக்கானும் பழுதாயின. பிறகு சூயஸை அடைந்தபோதும் அதை நேராகச் செலுத்த முடியவில்லை. எதிரியின் குண்டு செய்யாததை ஒரு நாள் வேலை செய்தது. அந்தக் கப்பல் மறுபடி போருக்குப் போகவில்லை.

அந்த நாளில் அங்கிருந்தவர்களில் யாரும் சோம்பி நின்றதாக எண்ண எனக்குக் காரணம் எதுவும் இல்லை. நீர் இறைத்தவர்கள் இறைத்தார்கள். வால்வு திறந்தவர்கள் திறந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே மதிப்பிட்டால் பலருக்கு நல்ல புள்ளியே கிடைத்திருக்கும். வேகமாக இறைக்கும் பம்புக்காரன் அந்த நிலையில் துறையை விரைவாக முறிக்கிறான். கப்பலுக்குள் எவ்வளவு பாரம் இருக்கிறது என்ற செய்தி, வால்வு வரிசையைத் தீர்மானிக்கும் இடத்துக்கு உரிய கனத்தோடு போய்ச் சேர வேண்டும். துறை வளையத் தொடங்கியதைக் காண்கிறவரின் குரல் பம்புகளை நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். நிலாவெளியில் கயிறு பிடித்தவன் ‘கல்லில மாட்டிற்று, பொறுங்கோ’ என்று கத்தினால் நாற்பது பாகம் தள்ளி நிற்பவனும் கையைத் தளர்த்துகிறானே, அதே தேவை 50,000 தொன் இரும்புக்கும் உண்டு.

நல்ல வேலை நல்ல பலனில்தான் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கும் இதே துறைமுகத்தில் ஓர் இரவு உண்டு. 1942 ஏப்ரல் 8ஆம் திகதி, ஜப்பானியக் கப்பற்படை கிழக்கிலிருந்து வருவதைக் கற்றலீனா வேவு விமானம் ஒன்று கண்டு அறிவித்தது. செய்தி நேரத்துக்கு வந்தது. அன்றிரவே துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாள் காலை விமானங்கள் வந்து குண்டு போட்டபோது துறைமுகம் பெரும்பாலும் காலியாயிருந்தது. ஆனால் அப்படி வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்ற விமானம் தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் எதிரி கண்டுகொண்டான். அது கேட்ட வான்பாதுகாப்பு நேரத்துக்கு வந்து சேரவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு அது மூழ்கியது. ஒரே குழு, ஒரே நாளுக்குள் ஒரு செய்தியைச் சரியாகக் கடத்தியது, இன்னொன்றைக் கடத்தவில்லை. அன்றைய இழப்பை மட்டும் வைத்துப் புள்ளி போட்டால் முதல் நாளிரவு செய்த நல்ல வேலை மறைந்துபோகும். காலியாயிருந்த துறைமுகத்தை மட்டும் வைத்துப் போட்டால், கடலில் செத்தவர்கள் மறைந்துபோவார்கள்.

எண்ணை மட்டும் பார்த்துப் புள்ளி போடுவதன் ஆபத்து வேறோர் இடத்திலும் தெரியவந்தது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாயிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு எதிர்மாறான எண்கள் கிடைத்தன. நல்ல குழுக்களில் பதிவான தவறுகளே அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அதைப் படிக்கத் தேவையில்லை. அங்கே தவறைச் சொல்ல முடிந்தது, மற்ற இடங்களில் மறைத்தார்கள். மதிப்பிடும் வேலையில் இருக்கிற எவரும் இதை நெஞ்சில் எழுதிவைக்க வேண்டும். பதிவேடு சுத்தமாக இருக்கும் கந்தோரில் என்ன நடக்கிறது என்று நாம் பயப்பட வேண்டும்.

திருகோணமலை இன்று கந்தோர்களின் நகரமும்கூட. 2007இல் கிழக்கு தனி மாகாணமாகப் பிரிந்த பிறகு மாகாண நிர்வாகத்தின் தலைமையிடம் இங்கேதான். கச்சேரி முதல் திணைக்களங்கள்வரை ஆயிரக்கணக்கானோர் காலையில் கடமைக்குப் போகிறார்கள். வருடாந்த சம்பள ஏற்றத்துக்கு ஒவ்வொருவரும் படிவம் நிரப்புகிறார்கள்: என்ன இலக்கு, எவ்வளவு முடிந்தது, மேலதிகாரியின் குறிப்பு. படிவம் ஒருவருடையது, வேலையோ பலருடையது. பக்கத்து மேசையில் தேங்கிய கோப்பை எழுந்து போய் விசாரித்துத் தீர்த்துவைத்த எழுதுவினைஞரின் உழைப்பு எந்தக் கட்டத்துக்குள் விழும்? தன் கோப்புகளை மட்டும் முடித்துவிட்டு, அடுத்தவருடையது தவறான கையில் கிடப்பதைக் கண்டும் காணாமல் போனவருக்கு முழுப் புள்ளி கிடைத்துவிடுகிறது. அவர் தன் பம்பை வேகமாக ஓட்டியவர்.

இங்கே இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்த மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துவது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே அறையில் வேலை செய்யும் இடங்களில் கூட்டம் ஒரு மொழியில் நடக்கும். அந்த மொழி தன் மொழியல்லாதவர் பெரும்பாலும் பேசாமல் இருப்பார். அவர்தான் களத்துக்குப் போய் வந்தவராக இருக்கலாம். குளத்தின் மதகு கசிவதைத் தன் கண்ணால் கண்டவராக இருக்கலாம். பிழையான இலக்கணத்தில் சொல்லி வெட்கப்படுவதைவிடச் சும்மா இருப்பது அவருக்கு மேலாகப் படுகிறது. கூட்டக் குறிப்பில் ‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்’ என்று பதிவாகிறது. ஒரு குழுவை மதிப்பிட வருகிறவர் அந்தக் கூட்டத்தில் யார் பேசினார் என்பதைக் குறித்துக்கொள்வது போதாது. பேசாதவரைப் பிறகு அவருடைய மொழியில் கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டது என்ன? சொன்னது ஏதும் உண்டென்றால், அதற்குப் பிறகு என்ன மாறியது? ஒரு படிவத்தின் எல்லாக் கட்டங்களையும்விட இந்த இரண்டு கேள்விக்கும் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கயிறு பிடித்தவர்களுக்குள் எல்லாம் சரியாயிருந்தாலும் கரை முழுவதும் கெட்டுப்போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தென்கரையில் மாவெல்லை என்ற ஊரின் கரைவலைகளை மானுடவியலாளர் போல் அலெக்சாந்தர் ஆராய்ந்து 1982இல் நூலாக்கினார். அங்கே ஒரு வலை எட்டுப் பங்கு. பங்குக்காரரே இழுக்கும் ஆள். எந்த வலைக்கு எப்போது முறை, எந்தப் பக்கத்தில் முறை என்பதற்கு நுணுக்கமான சுழற்சி இருந்தது. ஒவ்வொரு வலையும் உள்ளுக்குள் நேர்த்தியான குழு. மீன் விலை ஏற ஏற, முறையில் பங்கு பெற ஆளாளுக்குப் புது வலை இறக்கினார்கள். எண்ணிக்கை நூறளவுக்குப் போனது. கடலில் மீன் கூடவில்லை. ஒரு வலைக்குக் கிடைக்கும் பாடுகள் மட்டும் குறைந்தன. பொதுவளங்களைப் பற்றி எழுதி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், தன் 1990 நூலில் தோல்வியுற்ற உதாரணங்களில் ஒன்றாக மாவெல்லையை வைத்தார். ஒரு வலையின் இசைவைப் பார்த்து மகிழ்பவர், அடுத்த வலையோடு அதற்குப் பேச்சு உண்டா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது கிழக்கிலும் வடக்கிலும் கரைவலையில் நடக்கும் வழக்கு வின்ச் பற்றியது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கயிற்றை இழுக்கிறார்கள். அதிகாரிகள் அதைத் தடுத்ததும், கரைவலைக்காரர் அனுமதி கேட்டுப் போராடியதும் நடந்திருக்கின்றன. இழுக்க ஆள் கிடைப்பதில்லை, இளைஞர்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள் என்பது ஒரு பக்கத்தின் நியாயம். கடலடி சுரண்டப்படுகிறது, குஞ்சு மீன் அழிகிறது, கையால் இழுத்தவர்களின் பங்கு போகிறது என்பது மறு பக்கத்தின் நியாயம். வெயிலில் மணிக்கணக்காய் இழுக்கும் முதுகுகளை நினைத்தால் இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இயந்திரத்துக்குக் கை இல்லை. கல்லில் வலை மாட்டினால் அது இன்னும் பலமாக இழுக்கும். ஒரு பக்கத்து இயந்திரம் முந்தினால் மறு பக்கத்துச் சாரதிக்கு அது தெரியாது. எஞ்சின் சத்தத்தில் நீருக்குள் நிற்பவனின் குரல் கேட்காது. பங்கு போய் நாட்கூலி வந்துவிட்டால், வலை கிழிவதைக் கண்டும் கத்துவதற்கு அவனுக்கு ஒரு காரணம் குறைந்துவிடுகிறது. வின்ச்சுக்கு அனுமதி கொடுப்பதானால் நிபந்தனைகள் எழுதுவார்கள்: குதிரைவலு, கயிற்றின் நீளம், கண்ணியின் அளவு. அதோடு இரண்டைச் சேர்க்க வேண்டும். மடிக்குப் பின்னால் நீந்துகிறவன் கையை உயர்த்தினால் இரு பக்கத்துச் சாரதிகளும் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று யாரும் அவனிடம் கோபிக்கக் கூடாது. இரண்டாவது, இழுக்கிற ஆள் பத்தாகக் குறைந்தாலும் அந்தப் பத்துப் பேருக்கும் நாட்கூலி போதாது, பங்கு வேண்டும். இதை எழுதப்போகும் உத்தியோகத்தர்கள் ஒரு நாள் விடிய முன்னம் நிலாவெளிக்குப் போய், தோணி கயிறு இறக்கத் தொடங்கும் நேரத்திலிருந்தே அங்கு நிற்கட்டும்.